நான்கு விரற்கடை

அந்தப் பெண்ணுக்கு உட்காரத் தெரியாது என்று அவளுடைய அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்காலி என்று ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களே, அது எதற்கு என்று இவளுக்கு யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்பாள். சாப்பாடு நின்றுகொண்டு. வீட்டுப்பாடம் ஜன்னல் விளிம்பில் நோட்டை வைத்து, ஒற்றைக் காலில். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்து நாற்காலியைத் தேடுகிறவள். அவளுக்கு இந்தப் பெண்ணைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்கியது. அவர் பெற்ற பெண்ணோ லிஃப்ட் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. படிக்கட்டில் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்குவாள். இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து, "இது மெக்கானிக் பொண்ணா, குரங்காட்டி பொண்ணா?" என்று கத்தி முடிப்பதற்குள் அவள் தெருவில் இருப்பாள்.

பள்ளியில் ஒரு வாரம் வெள்ளையடித்தார்கள். வகுப்பு பெஞ்சுகளைத் தூக்கி நீண்ட நடைவழியில் குறுக்குக் குறுக்காகப் போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் மறுகோடியில். மற்ற பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இவள் ஒன்பது பெஞ்சையும் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அதே ஒன்பதையும் தாண்டித் திரும்பி வந்தாள். விளையாட்டு டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். இன்றைக்குத் தொலைந்தோம் என்று இவள் நினைத்தாள்.

"ஒரு பெஞ்சுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எத்தனை எட்டு வெச்ச?" என்று கேட்டார் டீச்சர்.

"மூணு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல டீச்சர். மூணுதான் வருது."

அன்றைக்கு அவளுக்குத் தத்துக்கிளி என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்குப் பிறகு சான்றிதழில் மட்டும்தான் இருந்தது.

தடை ஓட்டம் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு நூறு மீட்டர், பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் எண்பத்து நான்கு சென்டிமீட்டர் உயரம், ஒரு மயிரிழை குறைவாக. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு அதே தடையை நான்கு விரற்கடை இறக்கி வைப்பார்கள். இரண்டு காலிலும் ஓட்டைகள் இருக்கும், ஊசியைக் கழற்றி மேலே கீழே மாட்டினால் உயரம் மாறும். தடைக்கும் தடைக்கும் நடுவில் மூன்றே எட்டு. நான்கு வைத்தவள் தோற்றாள், இரண்டு வைக்க யாராலும் முடியாது. பதின்மூன்று பதினான்கு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். யோசிக்க நேரமே கிடையாது. இருப்புக் கொள்ளாத ஜென்மத்துக்கு இதைவிட நல்ல தொழில் எங்கே கிடைக்கும்?

நகர மைதானத்தில் அவளோடு பயிற்சி செய்தவள் நெட்டை. பெயருக்கு ஏற்ற உயரம். உயரத்துக்கு ஏற்ற நிதானம். பந்தயத்துக்குப் பெயர் கூப்பிடும் வரை பெஞ்சில் மல்லாந்து தூங்குவாள். கூப்பிட்டதும் எழுந்து, கொட்டாவி விட்டு, ஓடிப் போய் ஜெயித்துவிட்டு வருவாள். இருவருக்கும் சேர்த்து, கால் ஊன்றிப் புறப்பட ஒரே ஜோடி ஸ்டார்ட்டிங் பிளாக், ஒரே வலித் தைலக் குப்பி, ஒரே சீப்பு. ஆறு வருஷம் அப்படி. தத்துக்கிளி பந்தயத்துக்கு முன்னால் கூண்டுக்குள் விட்ட பூனை மாதிரி முன்னும் பின்னும் நடப்பாள். "ஏண்டி, நீ இங்கயே நூறு மீட்டர் நடந்து முடிச்சுடுவ போலிருக்கே. எனக்குத் தலை சுத்துது, உக்காரு," என்பாள் நெட்டை, கண்ணைத் திறக்காமலே.

இருபத்தொன்றாவது வயதில் அந்த நாள் வந்தது. நாட்டின் தேர்வுப் பந்தயம். ஜெயிக்கிறவள் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவாள். அதோடு, குடிநீர் வாரியம் தன் விளையாட்டுக் குழுவுக்கு ஒரு தடை ஓட்டக்காரியை நிரந்தர வேலையில் எடுப்பதாக இருந்தது. ஒருத்தியை. அப்பாவின் வலது கை அந்த வருஷம் லிஃப்ட் கம்பியில் மாட்டி மூன்று விரல் நிமிராமல் போயிருந்தது. வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆள் அம்மா. நெட்டையின் வீட்டிலும் அப்படி ஒன்றும் பாலும் தேனும் ஓடவில்லை. இது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவர்கள் பந்தயத்துக்கு முன்னால் சிறுமிகளின் இறுதி ஓட்டம் நடந்தது. எட்டாம் பாதையில் ஓடிய சிறுமி கடைசித் தடையில் மோதி விழுந்து, தடையின் பலகை பிளந்துவிட்டது. பணியாட்கள் வரிசைக்கு ஒருவராக ஓடி எல்லாத் தடைகளையும் நான்கு விரற்கடை ஏற்றினார்கள். ஏற்றி முடித்த பிறகுதான் சேமிப்பறையிலிருந்து மாற்றுத் தடை வந்தது. கொண்டுவந்தவர் எட்டாம் பாதையில் பத்தாவது இடத்தில் அதை நட்டுவிட்டு, மழை வருகிற அவசரத்தில் ஓடிவிட்டார். மேற்பார்வைக்காரர் வானத்தைப் பார்த்தாரே தவிரத் தடையைப் பார்க்கவில்லை.

எட்டாம் பாதை தத்துக்கிளிக்கு. நெட்டைக்கு ஐந்து.

துப்பாக்கி வெடித்தது. ஒன்பது தடை வரைக்கும் அவள் வாழ்க்கையிலேயே அப்படி ஓடியதில்லை. ஒன்பதைத் தாண்டி இறங்கும்போது கால் கொஞ்சம் தடுமாறியது. அதைச் சரிக்கட்டப் போய் மூன்று எட்டும் நீண்டு விழுந்தன. பத்தாவது தடைக்கு மிகவும் கிட்டே போய்த்தான் எழும்பினாள். தாழ்வாக எழும்பிவிட்டோம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. பின்கால் முட்டி பலகையில் இடிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்தாள்.

இடிக்கவில்லை.

அந்த ஒன்றுமில்லாததை, அந்த வெறும் காற்றை, அவள் முட்டி இன்றைக்கும் மறக்கவில்லை. கோட்டைத் தாண்டினாள். பதின்மூன்று புள்ளி ஆறு இரண்டு. நெட்டை பதின்மூன்று புள்ளி ஆறு மூன்று. நாட்டின் பழைய சாதனை இரண்டு பேருக்கும் பின்னால் போய்விட்டது.

மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். பத்தாவது வரிசையில் ஏழு தடைகள் ஒரே மட்டத்தில் நின்றன. எட்டாவது மட்டும் குட்டைப் பிள்ளை மாதிரி தலை தாழ்ந்து நின்றது. நான்கு விரற்கடை.

நெட்டை வந்து கட்டிக்கொண்டாள். "ஒரு முடி, டி. ஒரே ஒரு முடி. பாவி!"

"நெட்டை, அங்க..."

"பேசாத. மொதல்ல மூச்சு வாங்கு."

புகார் சொல்ல அரை மணி நேரம் உண்டு. அந்த அரை மணியில் அவள் எங்கெல்லாம் நடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒருமுறை நடுவர் மேஜை வரை போனாள். அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார். நிமிராத விரல்களை வைத்துக்கொண்டு எப்படிக் கைதட்டுவது என்று தெரியாமல் தொடையில் தட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பணியாட்கள் எண்பது தடைகளையும் வாரி அடுக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எது எந்தப் பாதைத் தடை என்று அப்புறம் யாருக்குத் தெரியும்?

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? அதுதான் அவள் கதை.

வெளிநாட்டுக்குப் போனாள். அரை இறுதியில் ஆறாவதாக வந்தாள். குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் நாற்காலி கொடுத்தார்கள். அவள் அதில் உட்காராமல் கவுன்ட்டருக்கு வெளியே நின்றுகொண்டு, குழாய் உடைந்தவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஆறு வருஷம் ஓடினாள். ஒரு தடவைகூடப் பதின்மூன்று தொண்ணூறுக்குக் கீழே வரவில்லை. "அன்னிக்கு உனக்கு றெக்கை மொளைச்சிருந்துச்சு," என்று எல்லோரும் சொன்னார்கள். தொடைத் தசை இரண்டு முறை கிழிந்த பிறகு ஸ்பைக்ஸ் காலணியைக் கழற்றி வைத்தாள். நெட்டை அதற்கு முன்பே விலகி, ஓட்டுநர் உரிமம் எடுத்து, நகரப் பேருந்து ஓட்டப் போய்விட்டாள். அதிலும் நிதானம்தான். பதினேழு வருஷத்தில் அவள் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டதில்லை என்று பணிமனையில் பெயர்.

தத்துக்கிளியைக் கட்டியவர் அதே வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். ஒரு தெருவை ஒரு நாள் முழுக்க நடப்பார். ஆமையும் முயலும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்கின்றன என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். பிறந்த பெண் சதுரங்கம் ஆடுகிறாள். ஒரே நாற்காலியில் ஐந்து மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருப்பாள். "இது யாருக்குப் பொறந்ததுன்னு சந்தேகம் வந்தா என்னைக் கேளுங்க, நான் சாட்சி," என்பாள் தத்துக்கிளியின் அம்மா.

ஓட்டத்தை விட்ட பிறகும் மைதானம் அவளை விடவில்லை. தேர்வு எழுதி நடுவர் ஆனாள். வேறு எந்த வேலை கொடுத்தாலும் வேண்டாம் என்றாள். தடைகளுக்குப் பொறுப்பு, அது மட்டும் போதும். தச்சரிடம் சொல்லி ஒரு தேக்குக் கோல் செய்துகொண்டாள். அதில் இரண்டே வெட்டு: ஒன்று சிறுமிகளின் உயரம், ஒன்று பெண்களின் உயரம். பந்தயத்துக்குப் பந்தயம் எண்பது தடைகளையும் ஒவ்வொன்றாக அளப்பாள். அளந்து முடித்துவிட்டு இன்னொரு தரம் அளப்பாள். சேமிப்பறையில் இருக்கும் மாற்றுத் தடைகளையும் விடமாட்டாள். "மேடம் செத்தாக்கூடக் குழியோட ஆழத்தை அளந்துட்டுத்தான் படுப்பாங்க," என்று பணியாட்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவளுக்கும் கேட்டது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே என்று விட்டுவிட்டாள்.

மைதானத்தின் முன்வாசலில் சாதனைப் பலகை இருந்தது. அவள் பெயரும் பதின்மூன்று புள்ளி ஆறு இரண்டும் அதில். இருபத்திரண்டு வருஷம் எல்லோரும் முன்வாசலில் நுழைந்தார்கள். இவள் மட்டும் சுற்றிக்கொண்டு குப்பை வண்டி வரும் பின்வாசலில் நுழைந்தாள். அடக்கம், புகழ் பிடிக்காது என்று பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பெரியவர்கள் சொன்னது அவர் காதில் விழவில்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டையோடு பணிமனை கேன்டீனில் தேநீர். நெட்டை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து குடிப்பாள். இவள் நின்று குடிப்பாள். மூன்று முறை சொல்லப் பார்த்தாள். முதல் முறை நெட்டையின் அப்பா இறந்திருந்தார். அப்போது போய் எப்படி? இரண்டாவது முறை நெட்டையின் கல்யாணப் பேச்சு முறிந்திருந்தது. மூன்றாவது முறை எந்தத் தடையும் இல்லை. நெட்டை சிரித்துக்கொண்டே, "நான் தோத்தது உங்கிட்டடி. வேற எவகிட்டயாவது தோத்திருந்தா வயிறு எரிஞ்சிருக்கும்," என்றாள். வாய் வரை வந்ததை இவள் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

போன மாதம் மாநிலப் பந்தயம். மருந்துக் கடைக்காரரின் மகள் ஒருத்தி இரண்டு வருஷமாகப் பதின்மூன்று எழுபதைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு உடைத்துவிடுவாள் என்று கூட்டம் கூடியிருந்தது. உடைக்கட்டும், உடைக்கட்டும் என்று தத்துக்கிளியைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் யாரும் இருக்க முடியாது. அந்தப் பலகையிலிருந்து பெயர் போய்விட்டால் முன்வாசலில் நுழையலாம்.

சிறுமிகளின் ஓட்டம் முடிந்தது. தடைகளை ஏற்றினார்கள். கோலோடு கிளம்பினாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, எட்டு, ஒன்பது. பத்தாம் வரிசைக்குக் கால் எடுத்து வைக்கும்போது ஒலிபெருக்கி அவள் பெயரைக் கூப்பிட்டது. சாதனைக்குச் சொந்தக்காரர் நம் நடுவே இருக்கிறார், மேடைக்கு வரவும், சிறப்பு விருந்தினர் பூங்கொத்து கொடுப்பார். அவள் கையை ஆட்டி மறுத்தாள். இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்தாம் வரிசையை ஏற்றிக்கொண்டிருந்த பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர்கூட வேலையை விட்டுவிட்டுத் திரும்பி நின்று கைதட்டினார். பூங்கொத்து, புகைப்படம், இன்னொரு புகைப்படம். அவள் இறங்கி வருவதற்குள் ஸ்டார்ட்டர் துப்பாக்கியை உயர்த்திவிட்டார்.

பதின்மூன்று புள்ளி ஐந்து எட்டு.

மைதானம் எழுந்து நின்று கத்தியது. தத்துக்கிளியும் கத்தினாள். பூங்கொத்தை யார் கையிலோ திணித்துவிட்டு, விட்டுப்போன பத்தாம் வரிசைக்குக் கோலோடு போனாள். பழக்கதோஷம். முதல் பாதை, சரி. இரண்டு, சரி. மூன்று, சரி. நான்காம் பாதையில் கோலை வைத்தாள். மேல் வெட்டுக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

மருந்துக் கடைக்காரர் மகள் ஓடியது நான்காம் பாதை.

உடற்பயிற்சி ஆசிரியர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "மேடம்... உங்களுக்குக் கைதட்டிட்டு இருந்தேனா... மூணு ஏத்திட்டு, அப்படியே அஞ்சுக்குப் போயிட்டேன் போல."

அவள் கோலை எடுத்து இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள்.

"யாரும் பாக்கல மேடம்," என்றார், குரலைத் தாழ்த்தி. "இப்பவே ஏத்திடறேன். அந்தப் பொண்ணு சந்தோஷமா இருக்கு. உங்களுக்கும் ஒண்ணும் நஷ்டம் இல்லையே."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பலகையிலிருந்து அவள் பெயர் போய்விடும். இருபத்திரண்டு வருஷ முள், தானாகவே கழன்று விழும். வாயைத் திறந்தாலோ இந்தப் பெண்ணின் ஓட்டம் செல்லாது, தன்னுடைய திருட்டுச் சாதனை மேலும் கெட்டியாக உட்கார்ந்துவிடும். ஊர் என்ன சொல்லும்? கிழவிக்கு வயிற்றெரிச்சல், கோலைத் தூக்கிக்கொண்டு வந்து சின்னப் பெண்ணின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அப்போதுதான் மருந்துக் கடைக்காரர் மகள் ஓடி வந்தாள். வியர்வையோடு அப்படியே கட்டிக்கொண்டாள். "அக்கா, மன்னிச்சுக்குங்க, உங்க ரெக்கார்டை..." என்று சிரித்தாள். மூச்சு வாங்கியது. அப்புறம் அவள் கண் ஒரு விநாடி அந்தத் தடை மேல் போய் நின்றது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"கடைசி ஹர்டில்ல இடிக்கப் போறேன்னுதான் நெனச்சேன்கா. ரொம்ப கிட்டப் போயிட்டேன். எப்படியோ... இடிக்கல."

அந்த விநாடி அந்தப் பெண்ணின் முகத்தில் தத்துக்கிளி பார்த்தது தன்னுடைய முகத்தை. இன்னும் அரை மணி நேரம் இவளும் அங்குமிங்கும் நடப்பாள். அப்புறம் இருபது வருஷம் நடப்பாள். பின்வாசல் எங்கே இருக்கிறது என்று தேடுவாள்.

"இங்கயே நில்லு," என்றாள். "இந்தத் தடையை யாரும் தொடக் கூடாது. சார், உங்களுக்கும்தான் சொல்றேன்."

தலைமை நடுவர் சிடுமூஞ்சி மனிதர். தடை உயரக் குறைவு என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பெண்ணின் பயிற்சியாளர் எங்கிருந்தோ பாய்ந்து வந்தார். "தெரியும், எனக்குத் தெரியும்! சொந்த ரெக்கார்டைக் காப்பாத்திக்கத்தானே இந்த வேலை? ஒவ்வொரு தடையையும் நீங்கதானே அளந்தீங்க? இத்தனை வருஷமா அந்தக் கோலைத் தூக்கிட்டு அலையறது இதுக்குத்தானா?"

"பத்தாவது வரிசையை நான் அளக்கல. அது என் தப்பு," என்றாள். "என் ரெக்கார்டையும் அழிச்சுடுங்க."

"என்னது?"

"அதுவும் இதே மாதிரிதான். எட்டாவது லேன், பத்தாவது ஹர்டில். அன்னிக்கே பாத்தேன். சொல்லல."

சத்தம் போட்டவர் வாயைத் திறந்தபடியே நின்றார். தலைமை நடுவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்குப் புகார். அதுவும் தன் மேலயே. இதை எந்த ஃபாரத்துலம்மா எழுதறது?" என்றார். கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நாற்காலியையும் தள்ளிவிட்டார். அவள் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மறு ஓட்டம் வைத்தார்கள். பெண் களைத்திருந்தாள். பதின்மூன்று புள்ளி ஏழு ஒன்று. ஸ்பைக்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு தத்துக்கிளியைத் தாண்டிப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் என்ன தப்பு? அந்த வயதில் யாராக இருந்தாலும் பேசமாட்டார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அதான் இத்தனை வருஷமா உக்காரலையா? நான் மூட்டுவலின்னு நெனச்சேன்," என்றார். வேலை போகுமா என்று அவள் கேட்டாள். "போனா போகுது. நீ இனிமே உக்காந்து சாப்பிடுவ இல்ல, அது போதும்," என்றார். கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குள் போய் அழுதாள். சதுரங்கப் பெண் எழுந்து வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

ஆனால் சொல்ல வேண்டிய ஆள் இன்னும் பாக்கி இருந்தாள். பத்திரிகையில் வருவதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை பேருந்து முனையத்துக்குப் போனாள். நெட்டையின் பேருந்து கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. நெட்டை ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பின்னால் நாலைந்து பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடி, ஞாயித்துக்கிழமை இல்லையே இன்னிக்கு?"

தத்துக்கிளி ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். நெட்டை அதைப் பார்த்து நிமிர்ந்துகொண்டாள். இவள் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

சொன்னாள். மாற்றுத் தடை, மழை, காற்று, அரை மணி நேரம், அப்பாவின் கை. எதையும் விடவில்லை. தன்னை நியாயப்படுத்தவும் இல்லை. நெட்டை கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தப் பதிமூணு அறுபத்திமூணு..."

"அதுதான் இப்ப ரெக்கார்டு. உன் பேரைத்தான் எழுதப் போறாங்க."

நெட்டை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஒண்ணு சொல்லு. அது ஒழுங்கான உயரத்துல இருந்திருந்தா, நீ இடிச்சிருப்பியா?"

"இடிச்சிருப்பேன்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறியா, தெரியுமா?"

"தெரியாது, நெட்டை. யாருக்கும் தெரியாது."

நேரக் கண்காணிப்பாளர் ஜன்னலைத் தட்டி, கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். நெட்டை நகரவில்லை.

"நான் நல்லாத்தான் இருந்தேண்டி," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "நல்லா ஓடினேன், உங்கிட்ட தோத்தேன், எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒருநாள்கூட அதை நெனச்சுப் படுக்கையில பொரண்டதில்ல. தோத்தவளுக்கு அது ஒண்ணுதான் மிச்சம், அந்த நிம்மதி. நீ இருபத்திரெண்டு வருஷம் தூக்கிச் சுமந்த, சரி. இப்ப எறக்கி வெச்சுட்ட. எங்க எறக்கி வெச்சன்னு பாத்தியா?"

மன்னிப்புக் கேட்கத்தான் தத்துக்கிளி வந்திருந்தாள். அந்தச் சொல் வாயில் நின்றது, வெளியே வரவில்லை.

"நான் எறங்கிக்கட்டுமா?" என்றாள் கடைசியில்.

"எறங்காத. உக்காரு."

பேருந்து கிளம்பியது. முனையத்தை விட்டு வெளியே வந்து, பெரிய சாலையில் திரும்பி, பாலத்தின் மேல் ஏறியது. தத்துக்கிளி கீழே பார்த்தாள். தன் இரண்டு கால்களும் பேருந்தின் தரையில் ஆடாமல் அசையாமல் கிடந்தன. பிறந்தது முதல் அவை அப்படி இருந்ததில்லை. எழுந்திருக்கச் சொன்னாலும் எழுந்திருக்காது போலிருந்தது.

பாலம் இறங்கியதும் முதல் நிறுத்தம். ஏழெட்டுப் பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பேருந்து நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போனது.

"டிரைவரம்மா, ஸ்டாப்பு! ஸ்டாப்பு போயிடுச்சு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

நெட்டைக்குக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்திருந்தாள். அவளுடைய இடது கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் நின்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று.